கடைசி வாரத்துத் தப்பு டீ

செங்கமலம் பஸ் சர்வீஸ் செக்கர் திருமிகு தங்கமுத்து அவர்களின் பணி நிறைவு விழாவில், அன்னவாசல் ஷெட்டில், சக ஊழியர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

ஏறும் படியில் எவரையும் இடிக்காதவரே! இறங்கும் படியில் எவரையும் தள்ளாதவரே! ஓடும் வண்டியில் ஒற்றைக் கால் ஊன்றி, ஓரக்கண் ஓட்டத்திலேயே ஒரு வண்டிக் கூட்டத்தை உள்ளும் புறமும் உணர்ந்த உத்தமரே! வெயிலில் வெந்தும் வெளுக்காத காக்கியே! புளியமர நிழலில் புலப்படாமல் நின்று, கை காட்டும் கணத்தில் புலப்பட்டு, நடத்துநர் பலரின் வயிற்றில் புளியைக் கரைத்த புண்ணியவாளரே! எங்கள் செக்கர் பெருந்தகையே! தங்கமுத்து ஐயா அவர்களே!

இம்மடலை வாசிக்க எழுந்து நிற்பவர் தங்கள் அன்புக்குரிய ஓட்டுநர் பெரியண்ணன். முப்பதாண்டாய் வண்டி ஓட்டுபவர் ஆதலால் வாக்கியங்கள் வளையும் இடத்தில் வேகம் குறைப்பார். மேடான சொற்களில் கியர் மாற்றுவார். நடுவில் ஓரிடத்தில் டீக்கு நிறுத்தினாலும் நிறுத்துவார். பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஐயா! தாங்கள் இந்தக் கம்பெனிக்கு நடத்துநராய் வந்தீர்கள். பிறகு செக்கராய் உயர்ந்தீர்கள். தாங்கள் வண்டியில் ஏறினால், கூடைக்குள் இருக்கும் கோழிகூடக் குரலை அடக்கிக்கொள்ளும் என்பதை இந்தத் தடத்தில் பயணம் செய்தவர் எவரும் மறுக்கார். பாராமலே ஒரு டிக்கெட்டை விரலால் தடவியே, ஏறிய ஊர் எது, இறங்கும் ஊர் எது, வாங்கியவர் காலையில் என்ன உண்டார் என்பது வரை உரைத்துவிடுவீர்கள். ஒரே ஒரு முறை பழைய சோறு என்று தாங்கள் சொல்லி, அது கம்பங்கூழ் என்று பிறகு தெரியவந்தது. அதனைப் பிழையென்று கொள்வதற்கில்லை. இரண்டும் குளிர்ச்சி.

இத்தொழிலை நாங்கள் எவரும் எந்தப் பள்ளியிலும் பயின்றோம் அல்லோம். உரிமம் கொடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஓட்டம் கொடுத்தது இந்தச் சாலை. விசில் ஊதுவதை ஒருவரிடம் கற்றோம். விசிலை எப்போது ஊதக் கூடாது என்பதை இன்னொருவரிடம் கற்றோம். எவரும் எதையும் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. ஆயினும் ஒருநாள் உச்சிவெயிலில், தைலமரக் காட்டு ஓரமாய் வண்டி தாலாட்டிக்கொண்டு போகையில், கனவில் எவரோ காதில் சொல்லிப் போனதுபோல, கை தானாக மணிக் கயிற்றைப் பிடித்திருக்கும். இப்படிச் சொக்கிச் சொக்கியே எங்களுக்குள் தொழில் இறங்கியது. ஆனால் இறங்கியது அத்தனையும் நல்ல சரக்கு அன்று. பிழையும் அதே வண்டியில், அதே சீட்டில், அருகருகே உட்கார்ந்துதான் வந்தது.

அதற்குச் சாட்சி அன்னவாசலுக்கு இப்புறம் உள்ள சின்னப் பாலம். அந்த வளைவில் புது ஓட்டுநர் எவர் வந்தாலும், வண்டியின் இடது மூலை பாலத்துச் சுவரில் ஒருமுறை உரசும். அன்றைய நாளில் உரசினால் மெமோ. மெமோவுக்கு அஞ்சி, உரசியவர் வண்டியின் கீறலை ஓசைப்படாமல் பச்சைப் பெயின்ட் அடித்து மூடிவிடுவார். அடுத்து வரும் ஓட்டுநருக்கு எவரும் எதுவும் சொல்லமாட்டார், அவரும் உரசுவார், அவரும் மூடுவார். வண்டிக்கு வண்டி அந்தச் சுவரில் தங்கிய பச்சை ஏறி ஏறி, கடைசியில் பாலமே எங்கள் கம்பெனி நிறத்துக்கு வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் வண்டி நிற்கிறதென்று எண்ணி மூட்டை முடிச்சோடு ஓடிவந்து பாலத்தில் ஏறி அமர்ந்தார்கள். ஒரு பெரியவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவ்வழியே போன தங்களையே கேட்டார்:

“ஏங்க, இந்த வண்டிய எப்பத்தான் எடுப்பாங்க?”

தாங்கள் அவரை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, ஷெட்டுக்கு வந்து, ஓட்டுநர் எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டீர்கள்.

“பாலத்துல எத்தன பேருய்யா உரசுனீங்க?”

ஒருவரும் உரசவில்லை. பாலந்தான் வந்து உரசியிருக்க வேண்டும் என்பதுபோல் நின்றோம்.

“மெமோ இல்ல. சொல்றவருக்கு டீ” என்றீர்கள்.

இதோ வாசித்துக்கொண்டிருக்கும் பெரியண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். “நான்தாங்கய்யா. ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவயா? அப்ப ரெண்டு டீ.”

அதன்பின் ஷெட்டில் கை தூக்காதவர் இல்லை. பேசப் பேசத்தான் விளங்கிற்று: வெயில் சாயும் வேளையில் அந்த வளைவில் புளியமரத்து நிழல் சாலையின் ஓரம்போல் விழுகிறது, புதியவர் கண் நிழலை நம்புகிறது, கை கண்ணை நம்புகிறது. ஆளுக்கு ஒரு துண்டாய் அவரவர் ஒளித்து வைத்திருந்ததை அன்று ஒன்றாய்ச் சேர்த்தோம். அதற்குப் பிறகு வந்த ஓட்டுநர் எவரும் அங்கே உரசவில்லை. பாலமும் மழையில் வெளுத்து, இப்போது பழையபடி பாலமாகவே பிழைத்து வருகிறது.

அன்று பிறந்தது எங்கள் தப்பு டீ! சனிக்கிழமை தோறும், வண்டி கழுவும் பிற்பகலில், பழைய வண்டியிலிருந்து கழற்றிச் சுவரோரம் போட்டிருக்கும் இருவர் சீட்டில், ஜன்னலோரமாய் ஒருவர் அமர்வார். ஜன்னல் கிடையாது, வெறும் சுவர்தான். ஆயினும் அங்கே உட்கார்ந்தவருக்குச் சாலை தெரியும் என்பது எங்கள் அனுபவம். அமர்ந்தவர் தம் பிழையை முதலில் சொல்ல வேண்டும். காரணத்தைப் பிறகுதான் சொல்ல வேண்டும். அப்பிழையால் நொந்தவர் எவரோ, அவர்தாம் டீ போட்டுத் தர வேண்டும். டம்ளர் காலியாகும் வரை எவரும் சிரிக்கலாகாது. ஷெட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் போகலாகாது. இவ்விதிகள் எங்கும் எழுதப்படவில்லை. எழுதினால் எவராவது அதையும் பிரேம் போட்டுவிடுவார் என்று தாங்கள் அஞ்சினீர்கள்.

அச்சீட்டில் நாங்கள் கேட்ட பாடங்களை அளந்து சொல்ல நாவில்லை. பெரியண்ணன் விடுப்பில் இருந்த நாளொன்றில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு மொபெட்டில் கல்யாண வீட்டுக்குப் போனவர், வழியிலுள்ள நிறுத்தம் அத்தனையிலும் நின்று நின்று போனார். கை கற்றதைக் கை மறக்கவில்லை. அதற்கு லீவு என்பது தெரியாது. மூன்றாவது நிறுத்தத்தில் ஒருவர் ஏறியும்விட்டார். நொந்தவர் மனைவி ஆதலால் அந்தச் சனிக்கிழமை அவரே ஷெட்டுக்கு வந்து டீ போட்டார். மூன்று பேராய்க் கல்யாணத்துக்குப் போன கதையை எங்களுக்கு மேலும் விளக்கினார்.

மற்றொரு நடத்துநர் அரைத் தூக்கத்தில், ஐயனார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மண்குதிரைக்கு அரை டிக்கெட் கிழித்தார். குதிரையைக் கொண்டுபோனவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. குதிரை வாங்கியதைத் தாம் எப்படித் திருப்பித் தருவதென்று கேட்டார். மூன்றாம் நம்பர் வண்டியோ, கந்தர்வக்கோட்டை டீக்கடை வந்ததும் எவரும் தொடாமலே நின்றுவிடப் பழகிக்கொண்டது. மெக்கானிக் நாகராசு கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கூடி ஆலோசித்து, வண்டியும் கம்பெனி ஊழியர்தான் என்று முடிவாகி, ரேடியேட்டரில் ஒரு டம்ளர் டீ ஊற்றினோம். அன்றிலிருந்து அது நிற்பதில்லை. கடையைக் கடக்கையில் மட்டும் ஒரு பெருமூச்சு விடும்.

இத்தனை பேர் அமர்ந்த அந்த ஜன்னலோரத்தில், ஐயா, தாங்கள் மட்டும் அமர்ந்ததே இல்லை. சனிக்கிழமை தோறும் எதிரே நின்று கேட்டீர்கள், தலையசைத்தீர்கள், போனீர்கள். தாங்கள் பிழை செய்வீர்கள் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. ஆதலால் தங்கள் பணி நிறைவுக்கென்று நாங்கள் முதலில் எழுதிய மடல் வேறு. அது “தவறறியாத் தங்கமே!” என்று தொடங்கியது. தங்க நிற எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று.

பிறகுதான் சொர்ணவல்லியின் சங்கதி நடந்தது. அதை இம்மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் வழக்கு வந்தது. விருந்தினர் கேட்கச் சபையில் வாசித்தால் அது ஷெட்டுக்கு வெளியே போனதாகும் என்று சிலர் அஞ்சினார்கள். தங்களையே கேட்டோம். “எழுதுங்க” என்றீர்கள். சொர்ணவல்லியைக் கேட்டோம். “எழுதுங்க. ஆனா முழுசா எழுதணும்” என்றார். முழுசாகவே எழுதுகிறோம்.

சொர்ணவல்லி எங்கள் கம்பெனியின் முதல் பெண் நடத்துநர். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர், உரிமம் எடுத்து, சென்ற தையில் எங்களோடு சேர்ந்தார். சேர்ந்த நாள் முதலாய் ஜன்னலோரத்தில் அதிகம் அமர்ந்தவரும் அவரே. இறங்க வேண்டியவரை இறக்காமல் விட்டது, ஏறாதவருக்காக விசில் ஊதியது என எதையும் ஒளிக்காமல் உரைத்தார். அப்படி உரைத்ததாலேயே நாங்கள் ஆண்டுக்கணக்கில் தடவித் தடவிக் கற்றதை ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொண்டார். இந்த வேலைதான் அவர் வீட்டில் எரியும் அடுப்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தங்கள் பணியின் கடைசிக்கு முந்திய வாரம். நண்பகல் நடை. புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் வண்டி. சித்தன்னவாசல் பிரிவில் தாங்கள் கை காட்டி ஏறினீர்கள். வெயில் அப்படி. சாலை நெளிந்தது, பாறைக் குன்று தரையிலிருந்து ஒரு சாண் உயர எழும்பி நின்றது, வண்டிக்குள் இருந்தவர் அனைவரும் ஒரே தூக்கத்தை ஆளுக்கொரு துண்டாய்த் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிய பெரியண்ணனும் நின்ற சொர்ணவல்லியும் மட்டும் விழித்திருந்தார்கள் என்று கம்பெனியின் நற்பெயர் கருதிச் சொல்லிக்கொள்கிறோம்.

நடுச் சீட்டில் காத்தாயி என்னும் மூதாட்டி, இலுப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறவர், விரலிடுக்கில் டிக்கெட்டை வைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை தங்களுக்கு. பூவைக் காம்பு நோகாமல் எடுப்பதுபோல் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தீர்கள். சரியாக இருந்தது. திரும்ப வைக்கக் குனிந்தீர்கள். அந்நேரம் பார்த்து அந்த அம்மையின் கை உறக்கத்திலேயே மெல்ல மூடிக்கொண்டது. மூடிய கையைத் திறக்கவும் மனம் வரவில்லை. பின்னால் போய்விட்டு வரும்போது கொடுக்கலாம் என்று, நடத்துநராய் இருந்த காலத்துப் பழக்கத்தில், அதைக் கைக்கடிகாரத்து வாருக்கு அடியில் செருகிக்கொண்டீர்கள்.

பின் சீட்டில் ஒரு பலாப்பழத்துக்கு இடம் உண்டா இல்லையா என்று பெரும் வழக்கு. அதைத் தீர்த்து, பழத்தை அமர வைத்து, தாங்கள் முன்னே வரும்போது, முதலில் நடந்தது வெயிலில் உருகித் தங்கள் நினைவிலிருந்து ஓடிப்போயிருந்தது. மூடிய கையோடு ஒரு மூதாட்டி உறங்குவதை, முதல் முறை பார்ப்பதுபோல் பார்த்தீர்கள்.

“ஆத்தா, டிக்கெட்டு?”

அவர் விழித்து, கையைத் திறந்தார். உள்ளே ரேகைகள் மட்டுமே இருந்தன.

“கையிலதான்யா வச்சிருந்தேன்.”

“வாங்குனீங்களா?”

“வாங்குனேன். கனாவுல வாங்குனேனா நெசத்துல வாங்குனேனான்னு கேட்டா என்னத்தச் சொல்ல? ஏறுனதுமே கண்ணச் சொக்கிருச்சு.”

சொர்ணவல்லி ஓடி வந்தார். “அய்யா, நான் குடுத்தேன்யா! ஆத்தா, நல்லா நெனச்சுப் பாருங்க. வலது கையில வாங்குனீங்க, மடியத் தடவிச் சில்லறை தேடுனீங்க…”

“தேடுனேன் ஆத்தா. தெனமும்தான் தேடுறேன்” என்றார் காத்தாயி, பாவம்.

டிக்கெட் மெஷினைப் பார்த்தீர்கள். இலுப்பூர் டிக்கெட்டுகள் இருந்தன. எது எவருடையது என்று மெஷினுக்குத் தெரியாது. வழியிலேயே மனம் மாறி இறங்கியவர்களும் உண்டு, ஆதலால் தலைகளை எண்ணியும் தெளிவில்லை. பயணியிடம் காசு வாங்கி டிக்கெட் கொடுக்காமல் விடுவது எங்கள் தொழிலில் பிழையன்று, களவு. களவுக்குத் தப்பு டீ கிடையாது. தாங்கள் ரிப்போர்ட் எழுதினீர்கள். முதலாளி உதயசூரியன் சொர்ணவல்லியின் விசிலை வாங்கி வைத்துக்கொண்டார்.

“அய்யாவோட விழா முடியட்டும்மா. அதுக்கப்பறம் கணக்க முடிச்சுக்குவோம்.”

சொர்ணவல்லி அழவில்லை. ஜன்னலோரச் சீட்டைக் காட்டி ஒன்று மட்டும் சொன்னார்: “தப்புப் பண்ணியிருந்தா அதுல உக்காந்து சொல்லிருவேன்ல முதலாளி? பண்ணாதத எப்புடிச் சொல்றது?”

அன்று மாலை, ஐயா, தாங்கள் வீட்டில் குளிக்கப் போய்க் கைக்கடிகாரத்தைக் கழற்றினீர்கள். வாரிலிருந்து ஒரு சின்னத் தாள் நழுவி, வாளித் தண்ணீரில் விழுந்து, நிற்க இடம் தேடும் வண்டிபோல் வட்டமிட்டது. எடுத்து ஜன்னலில் காயப் போட்டீர்கள். மறுநாள் பார்க்கையில் மெஷின் எழுத்து முழுதும் வெளிறி, வெற்றுத் தாளாய்க் கிடந்தது. அந்த டிக்கெட் இருந்தது என்பதற்கு உலகில் இனி ஒரு சாட்சியும் இல்லை. தாங்கள் ஒருவரே இருந்தீர்கள்.

சொன்னால், தவறறியாத் தங்கம் என்ற பெயர் போகும். சொல்லாவிட்டால், சொர்ணவல்லியின் வேலை போகும். இரண்டையும் தூக்கிக்கொண்டு தாங்கள் அந்த வாரம் முழுதும் வண்டி வண்டியாய் ஏறி இறங்கினீர்கள். எவரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. பொன்னமராவதி வண்டியில் போனீர்கள், அதே வண்டியில் திரும்பி வந்தீர்கள், மீண்டும் அதிலேயே போனீர்கள். பிரிவாற்றாமை என்று எண்ணி நாங்கள் ரகசியமாய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஒன்றும் அறியாத பெரியண்ணன் தங்களை மகிழ்விக்க எண்ணி விழா ரகசியத்தைக் காதில் போட்டார்.

“பிரேம் போட்டு வந்துருச்சுங்கய்யா. ‘தவறறியாத் தங்கமே’ன்னு தங்கக் கலரு எழுத்து. பளபளன்னு இருக்கு.”

“எழுத்தச் சொரண்ட முடியுமா பெரியண்ணா?”

“பிரேம் போட்டாச்சுங்களேய்யா.”

“கண்ணாடியக் கழட்டலாம்ல?”

தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று பெரியண்ணன் எங்களிடம் வந்து வியந்தார்.

சனிக்கிழமை வந்தது. வண்டிகள் கழுவி நின்றன. ஈரத் தரையில் வானம் தலைகீழாய்க் கிடந்தது. எவர் அமரப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தாங்கள் அந்த வானத்தின் மேல் மெல்ல நடந்து வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, ஜன்னலோரத்தில் அமர்ந்தீர்கள். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர், எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அப்படியே இருந்தார்.

எத்தனையோ பேரை அந்தச் சீட்டில் கேட்டவர் தாங்கள். ஆயினும் கேட்டது வேறு, சொல்வது வேறு என்பதை அன்று கண்டோம். தாங்கள் சித்தன்னவாசல் பிரிவிலிருந்து தொடங்கினீர்கள். வெயிலைச் சொன்னீர்கள். பலாப்பழத்தைச் சொன்னீர்கள். பழத்தின் எடையைச் சொல்லத் தொடங்குகையில் பெரியண்ணன் குறுக்கிட்டார்.

“அய்யா, மன்னிக்கணும். மொதல்ல தப்பு. வெயிலு அப்பறம்.”

“ஆமால்ல” என்றீர்கள்.

“மொதத் தடவ எல்லாருக்கும் இப்புடித்தாங்கய்யா வரும்” என்று தேற்றினார் நாகராசு. “கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிப் பாருங்க. எனக்கு அப்புடித்தான் வந்துச்சு.”

தாங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ஓரக்கண் ஓட்டத்தில் உலகறிந்த அந்தக் கண்கள் மூடி நாங்கள் பார்த்தது அதுவே முதல் முறை. “டிக்கெட்ட நான்தான் எடுத்தேன்” என்றீர்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னீர்கள்.

முதலாளிதான் முதலில் பேசினார்.

“அப்ப, அய்யா… இத்தன வருசமா நீங்க எழுதுன ரிப்போர்ட்டெல்லாம்?”

“அதுதான் முதலாளி எனக்கும் தெரியல” என்றீர்கள். “அதால ஒண்ணு ரெண்டு ஆளு நம்ம கம்பெனிய விட்டுப் போயிருக்கு. சரியாத்தான் எழுதியிருப்பேன்னு நெனக்கிறேன். போன வாரம் வரைக்கும் ‘நெனக்கிறேன்’னு சொல்லியிருக்க மாட்டேன்.”

ஐயா! எத்தனையோ அருஞ்சொற்களால் தங்களைப் போற்றலாம். எனினும் அந்த ஒரு பதிலுக்கு ஈடாய் அடைமொழி ஒன்றும் எங்களிடம் இல்லை. அதனால் அதை அப்படியே எழுதிவிட்டோம்.

நாகராசு பைக்கில் போய்ச் சொர்ணவல்லியை அழைத்து வந்தார். காக்கி இல்லாமல், வீட்டுச் சேலையில், பாதி ஈரக் கையோடு அவர் வந்து நின்றார். நொந்தவர் வந்தால் பிழையை மறுபடியும் அவர் முன்னே சொல்ல வேண்டும். இம்முறை தாங்கள் தடுமாறவில்லை.

“தாயி, டிக்கெட்ட நான்தான் எடுத்தேன். எவ் வாச்சு வாருல சொருகிக்கிட்டு, ஒன்னையத் திருடின்னு எழுதிட்டேன்.”

சொர்ணவல்லி நேரே அடுப்புக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினார், தூளைப் போட்டார், இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு தங்கள் எதிரே வந்து நின்று ஆற்றத் தொடங்கினார். அப்படியோர் ஆற்றலை நாங்கள் கண்டதில்லை. மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் இடையே டீ ஒரு பழுப்பு நாடாவாய்த் தொங்கியது. அதன் ஊடே பார்த்தால் ஷெட், வண்டிகள், முதலாளி, எல்லாம் லேசாய் அசைந்தன. முதலாளி ஒரு போன் பேசி முடித்தார். நாகராசு ஒரு டயரை மாற்றினார். புதுக்கோட்டை வண்டி வந்து, ஆளேற்றி, போயும்விட்டது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி பூத்துக் காய்த்திருக்கக்கூடும். அவர் இன்னும் ஆற்றிக்கொண்டே இருந்தார். தாங்கள் கையை நீட்டியபடி காத்திருந்தீர்கள். நீட்டிய கையை மடக்கவில்லை.

கடைசியில் அந்தக் கையில் டம்ளர் வந்து அமர்ந்தது. தாங்கள் ஒரு வாய் குடித்தீர்கள்.

“எப்புடிய்யா இருக்கு?” என்று கேட்டார்.

“சூடா இருக்கு தாயி” என்றீர்கள்.

அடி வரை குடித்தீர்கள். டம்ளர் காலியான பிறகு சிரிக்கலாம் என்று விதி இடம் கொடுத்தும் எவரும் சிரிக்கவில்லை. முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தார். “திங்கக்கெழம மொத நடைம்மா” என்றார். சொர்ணவல்லி அதைத் துடைத்து ஊதிப் பார்த்தார். கழுவி நின்ற மூன்றாம் நம்பர் வண்டி சற்றே முன்னால் நகர்ந்தது.

அதன்பின் கண்ணாடியைக் கழற்றினோம், பழைய மடலை எடுத்தோம், இதை எழுதினோம். தவறே அறியாத ஒருவரை வாழ்த்துவது எளிது ஐயா. சிலையை வாழ்த்துவதுபோல் மாலையைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் சிலையிடம் எவரும் தொழில் கற்றதில்லை. தங்களைப் பற்றி எங்களில் புதியவர்கள் இனிச் சொல்லப்போவது, செக்கராய்த் தாங்கள் பிடித்த கதைகளை அல்ல; கண்ணை மூடிக்கொண்டு சொன்ன ஒன்றை. எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஓய்வு பெறும் வேளையில், எங்களிடமே கேட்டு, எங்கள் முன்னே, முதல் பாடம் படித்தார் என்பதை.

செக்கர் செம்மலே! தங்கள் முழங்கால்கள் படியேறும் நோவை மறந்து நலம்பெற வாழ்க! தங்கள் காலைப் பொழுதுகள் எந்த வண்டிக்கும் காத்திராமல் நீள வாழ்க! பகலுறக்கத்தில் தங்களுக்கு ஒரு வண்டி வருமென்று நம்புகிறோம். காலியாய், ஜன்னல்கள் எல்லாம் திறந்து, தைலமர வாசம் ஏறி, தங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, நிறுத்தமே இல்லாமல் போகும் வண்டி. அதில் எவரும் டிக்கெட் கேட்கமாட்டார். கேட்டாலும் தாங்கள் விழிக்க வேண்டாம். இல்லத்தாரும் உற்றாரும் சூழ நூறாண்டு கண்டு, அதற்கு மேலும் மனமிருந்தால் தொடர்ந்து, நோயின்றி நொடியின்றி வாழ்வீர்களாக!

இனி ஒரு வேண்டுகோள்.

சொர்ணவல்லி “முழுசா எழுதணும்” என்றாரே, அது இதற்காக. அன்று அவர் தந்த டீயில் சர்க்கரை இல்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று தாங்கள் எண்ணி, பெருந்தன்மையாய்ச் சூட்டை மட்டும் புகழ்ந்திருக்கக்கூடும். மறதி அன்று. டப்பாவைக் கையில் எடுத்து, திறந்து, தங்களைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, மூடி வைத்தார். இதை அவரே எங்களிடம் சொன்னார். இன்று சனிக்கிழமை. வரவேற்பு, சால்வை, போட்டோ எல்லாம் முடிந்ததும் ஜன்னலோரத்தில் அமரப்போகிறவர் அவர்தாம்.

நொந்தவர் தாங்கள். ஆகையால் அவருக்கு டீ போட்டுத் தர வேண்டியதும் தாங்களே. பால் காய்ந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை டப்பா அடுப்பின் வலப்பக்கம் இருக்கிறது. எவ்வளவு போடுவது என்பதில் நாங்கள் எவரும் தலையிடமாட்டோம்.

இங்ஙனம்,
தங்களோடு ஓடிய,
செங்கமலம் பஸ் சர்வீஸ் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், ஷெட் பணியாளர்கள்,
மூன்றாம் நம்பர் வண்டி உள்ளிட்டோர்,
அன்னவாசல்.